நான் வாசிக்காத ஒன்பதாம் பக்கம்

1

அன்று காலை கோழிக்கூட்டின் முன்னால் நின்றவர்கள் மூன்று பேர்: அக்கா, அக்காவின் மகள் ஷெரின், நான். அத்தான் இல்லை. ட்ரக் கொண்டு மொன்றியல் போனவர் பனிப்புயலில் அங்கேயே மாட்டிக்கொண்டார். கோழிகளில் ராசாத்தி, பீனட், நகெட் மூன்றும் இருந்தன. மோச்சா இல்லை. அதன் உடம்பு மட்டும், அவை இரவில் ஏறித் தூங்கும் தடிக்குக் கீழே, மரச்சீவலுக்குள் பக்கவாட்டில் கிடந்தது.

வெளியே மைனஸ் இருபத்துநாலு. அக்கா வீட்டுச் சட்டைக்கு மேல் அத்தானின் பழைய ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, காலுறை இல்லாமல் சப்பாத்துக்குள் காலை விட்டுக்கொண்டு வந்திருந்தார். குனிந்து மோச்சாவை எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்து சிப்பை இழுத்து மூடினார்.

"அம்மா, இட்ஸ் டெட்," என்றாள் ஷெரின்.

"எனக்குத் தெரியும். நீ உள்ளுக்குப் போ."

ஷெரின் போகவில்லை. அக்காவும் ஜாக்கெட்டைத் திறக்கவில்லை. பிறகு அக்கா என்னைப் பார்த்து, "தம்பி, நாங்கள் எல்லாம் சரியாத்தானே செய்தனாங்கள்?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா, எல்லாம் சரியாத்தான் செய்தனாங்கள்," என்றேன்.

அது நடந்து ஒரு வருடமாகிவிட்டது. ஊரில் இதை வாசிப்பவர்களுக்கு, ஒரு கோழி செத்ததற்கு இவ்வளவு எழுத்தா என்று தோன்றும். எழுத வந்தது கோழியைப் பற்றி மட்டும் இல்லை.

2

இப்போது எங்கள் காலை இப்படித்தான் தொடங்குகிறது. நான் நிலக்கீழ் அறையிலிருந்து ஏறி வந்து கேத்திலில் தண்ணீரைச் சூடாக்கி, இரண்டு பேணிகளில் ஊற்றிக்கொண்டு பின்வளவுக்குப் போவேன். கூட்டிலுள்ள தண்ணீர்ப் பேணி இரவில் கட்டியாகியிருக்கும். கவிழ்த்துக் காலால் தட்டினால் பேணியின் அச்சாக ஒரு பனிக்கட்டி கழன்று விழும். வேலியோரம் அப்படி விழுந்த கட்டிகள் வரிசையாகக் கிடக்கின்றன. பங்குனி வரைக்கும் அவை அங்கேதான் இருக்கும். புதுத் தண்ணீர் வைத்து, சோளம் போட்டு, முட்டை இருந்தால் அது உறைந்து வெடிக்கும் முன் எடுக்க வேண்டும். குளிர்காலத்தில் முட்டை வருவது குறைவு. இப்போது கிழமைக்கு ஒன்று, இரண்டு.

வீடு ஸ்காபரோவில். நான் மாணவ வீசாவில் வந்தவன். கொலிஜ் முடித்து, பகலில் ஒரு அலுவலகத்தில் கணினி வேலையும் வார இறுதியில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும் வேலையும் செய்கிறேன். அக்கா மாலை நேரங்களில் அலுவலகங்கள் துப்புரவாக்கப் போகிறார்.

எங்கள் ஊர் மன்னார்ப் பக்கம். அப்பா கடலுக்குப் போனவர், கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைத்தவர். அக்கா மூன்றாம் வகுப்போடு நின்று, பிறகு மீன் காயவைக்கும் கருவாட்டு வாடியில் வேலைக்குப் போனார். வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவன் நான் ஒருவன்தான். முடிக்க வைத்தது அக்காவின் வாடிச் சம்பளம்.

இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது எனக்கு எட்டு வயது. நிவாரணப் பட்டியல், பதிவுக் கடிதம், தொண்டு நிறுவனத்தின் அறிவித்தல் என்று எது வந்தாலும் அக்கா என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். "எங்கட தம்பி வாசிப்பான்" என்று கூடாரம் கூடாரமாகச் சொல்லுவார். நான் நடுவில் நின்று வாசிப்பேன். பெரியவர்கள் வாய் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சில சொற்கள் எனக்கும் விளங்காது. விளங்காத இடத்தில் நானாகவே ஒன்றைச் சொல்லி, நிறுத்தாமல் தொடர்ந்து போய்விடுவேன். நான் வாசித்தது சரியா என்று பார்க்க அங்கே யாரும் இல்லை. ஒருநாளும் பிடிபட்டதில்லை.

3

கோழி வளர்க்கும் யோசனை அக்காவுடையது. நகரசபை சில பகுதிகளில் மட்டும் சோதனையாக, வீட்டுக்கு நான்கு பேட்டுக்கோழி வரை வைக்கலாம் என்று அனுமதித்திருந்தது. சேவல் கூடாது, முட்டை விற்கக் கூடாது, வீட்டில் அறுக்கக் கூடாது. எங்கள் தெரு அந்த எல்லைக்குள் வந்தது. தேவாலயத்தில் யாரோ சொல்லிக் கேட்டுவிட்டு வந்து, "தம்பி, உந்த ஃபோர்மை நிரப்பித் தா" என்றார்.

உரிமையாளர் பெயர் என்ற கட்டத்தில் அத்தானின் பெயரை எழுதப் போனேன்.

"ஏன் அவற்ற பேர்? கோழி பாக்கப் போறது அவரோ? என்ர பேரைப் போடு."

அனுமதி வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வீட்டு அடமானம், கார், மின்சாரம், தொலைபேசி எல்லாமே அத்தானின் பெயரில். அக்காவின் பெயர் மட்டும் தனியாக இருந்த முதல் கனடாக் காகிதம் இந்தக் கோழி அனுமதிதான். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் மாட்டிவைத்தார்.

கோழிகளை ஒஷாவாவுக்கு அப்பால் ஒரு பண்ணையில் வாங்கினோம். பெயர் வைத்தது ஷெரின். ஒன்றுக்கு நகெட் என்று, பொரித்த கோழித் துண்டின் பெயரை வைத்தபோது அத்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வளக்க முந்தியே பொரிச்சிட்டாள்!" ஷெரின் இன்னொன்றுக்குக் குயின் என்று வைத்ததை அக்கா ராசாத்தி ஆக்கிவிட்டார்.

முட்டையை விற்கக் கூடாதென்பதால் அக்கா கொடுக்கத் தொடங்கினார். ஞாயிறு பூசைக்குப் போகும்போது கைப்பையில் இரண்டு பெட்டி இருக்கும். பதிலுக்கு ஒருவர் முருங்கைக்கீரை தருவார், ஒருவர் பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா தருவார். அதுவரை தேவாலயத்தில் அக்கா கடைசி வாங்கில் இருந்துவிட்டு, முடிந்ததும் யாரோடும் கதைக்காமல் வந்துவிடுவார். மற்றப் பெண்கள் ஆங்கிலத்தை இடையிடையே போட்டுக் கதைப்பது அவருக்குக் கூச்சம். முட்டைக்குப் பிறகு பூசை முடிந்து அவரைக் கூட்டிவர அரை மணித்தியாலம் காரில் காத்திருக்க வேண்டியிருந்தது. "பேடுகளின்ர அக்கா" என்று அவருக்குப் பெயரும் வந்தது. கோழிகள் குளிர்காலத்தைத் தாண்ட வேண்டும் என்பது அக்காவுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது.

அனுமதியோடு நகரசபை ஒரு கைநூலும் அனுப்பியிருந்தது. பன்னிரண்டு பக்கம், ஆங்கிலம். கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் அக்கா அதை மேசையில் என் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"விண்டருக்கு என்ன செய்யச் சொல்லிக் கிடக்கு எண்டு வாசிச்சுச் சொல்லு தம்பி."

களஞ்சியத்தில் நின்று வந்த கால் வலி. ஒரு கையால் சோற்றைப் பிசைந்துகொண்டு மற்றக் கையால் புரட்டினேன். நான்காம் பக்கத்தில், கோழிகள் தூங்கும் இடத்தில் நேராகக் காற்று அடிக்கக் கூடாது என்று இருந்தது. அவ்வளவு போதும் என்று மூடிவிட்டேன்.

"குளிர் காத்து உள்ளுக்கு அடிக்காமப் பாக்கட்டாம்."

"அவ்வளவும்தானோ?"

"அவ்வளவும்தான்."

ஷெரினுக்கு அப்போது பதினொரு வயது. எதிர்க் கதிரையில் போனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "மாமா, தே நீட் ஏர் ஹோல்ஸ். மேல. நான் வீடியோவில பாத்தன்."

"உந்த வீடியோக்காரர் சொல்லுறதெல்லாம் வேண்டாம். நான் புத்தகத்தில வாசிச்சனான்."

"மாமா வாசிச்சவர் எல்லே," என்று அக்காவும் சொன்னார். அதைக் கேட்க எனக்குச் சுகமாக இருந்தது என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

4

காற்று அடிக்காமல் அடைப்பது எப்படி என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அக்காவும் அத்தானும் முதல் குளிர்காலத்தைக் கழித்தது இன்னொருவரின் நிலக்கீழ் அறையில். ஜன்னல் இடுக்கால் வந்த காற்றில் கைக்குழந்தை ஷெரினுக்கு நெஞ்சுச்சளி பிடித்து இரண்டு முறை ஆஸ்பத்திரி. அன்றிலிருந்து கார்த்திகை பிறந்தால் அக்கா கடைக்குப் போய், ஜன்னலுக்கு ஒட்டும் பிளாஸ்டிக் தாளை வாங்கி வந்துவிடுவார். சுற்றிவர ஒட்டி, தலைமுடி காயவைக்கும் மெஷினால் சூடு பிடித்தால் தாள் மேளத்தோல் போல விறைக்கும். வீட்டில் ஒரு இடுக்கு மிஞ்சாது.

அந்த முறை கூட்டுக்கும் அதையே செய்தோம். சமையலறையிலிருந்து நீள வயர் இழுத்து, பனியில் முழங்காலில் நின்று, அக்கா மெஷினைப் பிடிக்க நான் தாளை இழுத்துப் பிடித்தேன். கூரைக்குக் கீழே, இரண்டு பக்கமும் நீளமாக விட்டிருந்த கம்பிவலைத் துவாரங்களைப் பலகை வைத்து ஆணி அடித்து மூடினேன். கூடு செய்து விற்றவன் ஏன் அந்த இடத்தைத் திறந்து விட்டான் என்று நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. காசை மிச்சம் பிடித்திருக்கிறான் என்று நினைத்தேன்.

பக்கத்து வீட்டு ரவி அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, கோழியளுக்கும் பேஸ்மென்ட் குடுத்தாச்சோ? வாடகை எவ்வளவு?"

"மாசம் முப்பது முட்டை, அண்ணை."

"ஹைட்ரோ கரண்டுக் காசும் சேத்தோ?"

மூவரும் சிரித்தோம். அந்த மாலை அக்கா அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

மார்கழி நடுவில் பிளாஸ்டிக் தாளின் உட்பக்கம் தண்ணீர் முத்துமுத்தாகப் பிடித்தது. அக்கா எனக்குக் காட்டினார். "பார், உள்ளுக்கு வேர்க்குது. அவ்வளவு சூடு." நானும் பார்த்து, ஓம் என்று தலையாட்டினேன். கதவைத் திறந்தால் எச்சத்தின் நெடி கண்ணைக் கரித்தது. குளிர்காலம், அடைத்த இடம், அப்படித்தான் இருக்கும் என்றேன். தாளில் பிடித்த அந்தத் தண்ணீர் கோழிகள் விட்ட மூச்சு. நான்கும் மூச்சு விட்டு, எச்சம் போட்டு, அந்த ஈரம் போக வழி இல்லாமல் அவற்றின் மேலேயே இறங்கிக்கொண்டிருந்தது. மைனஸ் இருபத்துநாலு வந்தபோது ஈரம் கொண்டையிலும் விரலிலும் உறைந்துவிட்டது.

5

மோச்சாவைப் புதைக்க நிலம் இடம் தரவில்லை. இரும்பு அலவாங்கு பட்ட இடத்தில் பொறிதான் பறந்தது. உடம்பை எடுத்துப் போகச் சொல்ல நகரசபைக்குப் போன் எடுத்தேன். அங்கே பேசிய பெண் மிகத் தன்மையாக, இறந்தது காட்டு விலங்கா, வீட்டுப் பிராணியா, கால்நடையா என்று கேட்டார். நான் தடுமாறினேன். பக்கத்தில் நின்ற அக்கா என்ன கேட்கிறார்கள் என்றார். சொன்னேன்.

"வீட்டில உள்ளது எண்டு சொல்லு."

அன்று மத்தியானமே நகெட்டை உடுப்புக் கூடையில் துவாய் போட்டு வைத்து மூவரும் காரில் கொண்டுபோனோம். மற்ற இரண்டுக்கும் கொண்டை நுனிதான் கறுத்திருந்தது. நகெட்டுக்குக் கொண்டை முழுவதும் கறுத்து, ஒரு காலில் விரல்கள் வீங்கி, ஊன்ற முடியாமல் இருந்தது. கோழி பார்க்கும் மிருக வைத்தியர் கிடைப்பதே கஷ்டம். நாலாவது போனில்தான் ஒரு இடம் கிடைத்தது.

காத்திருக்கும் அறையில் நாய்களும் பூனைகளும். உதவியாள் வந்து கோப்பைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார்: "நகெட் குரூஸ்!"

இங்கே பிராணிக்கும் உரிமையாளரின் குடும்பப் பெயரைச் சேர்த்துவிடுவார்கள். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அக்கா கூடையோடு எழும்பி, "எஸ்," என்றார், ஆலயத்தில் ஞானஸ்நானத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல.

வைத்தியர் இளம் பெண். நகெட்டின் காலைத் தடவிப் பார்த்துவிட்டு, கூடு எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் விபரித்தேன். பிளாஸ்டிக் தாள், மூடிய துவாரம், உள்ளே பிடித்த தண்ணீர். அவர் முகம் மாறியது. கோபமில்லாமல், நிதானமாகச் சொன்னார். கோழி குளிரைத் தாங்கும், அதற்கு இறகு இருக்கிறது, ஈரத்தைத் தாங்காது. மேல் துவாரங்களை எவ்வளவு குளிரிலும் திறந்துதான் விட வேண்டும். நகரசபைக் கைநூலிலேயே இது எழுதியிருக்கிறதே, நீங்கள் பார்க்கவில்லையா?

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "என்னவாம் தம்பி?"

நான் செய்த முதல் பிழைக்கு அசதியைச் சாட்டலாம். இதற்கு எதையும் சாட்ட முடியாது. எட்டு வயதில் செய்ததையே செய்தேன். நிறுத்தாமல், தடக்காமல் சொன்னேன்.

"இந்த முறை குளிர் கூடிப்போச்சாம் அக்கா. எங்களால ஒண்டும் செய்திருக்க ஏலாதாம்."

அக்காவின் தோள் கொஞ்சம் இறங்கியது. அந்த ஆறுதலை அவருக்குக் கொடுத்துவிட்டேன் என்று நினைப்பதற்குள் ஷெரின் வாய் திறந்தாள்.

"மாமா, ஷீ டிட்ன்ட் சே தட்."

"ஷெரின், நீ சும்மா இரு."

அவள் என்னைப் பார்க்கவில்லை. தாயின் பக்கம் திரும்பி, தனக்கு வராத தமிழைத் தேடித்தேடி எடுத்தாள். "அம்மா, டொக்டர் சொல்றது குளிர் இல்லை. தண்ணி. உள்ளுக்கு மூச்சு... மூச்சுத் தண்ணி வெளிய போக ஓட்டை இல்லை. அதால வெட். அதால மோச்சா. ஓட்டை வைக்கச் சொல்லி புக்கில இருக்காம்."

வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லுகிற பிள்ளை. இவள் தமிழை விட்டுவிட்டாள் என்று அக்காவிடம் குறைப்பட்டவனும் நான்தான். அன்று அவள் சேர்ந்தாற்போல் அத்தனை வசனம் தமிழில் சொன்னதை முதல்முறை கேட்டேன்.

அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. வைத்தியரிடம் நேரே கேட்டார். "டொக்டர். இட் இஸ் இன் புக்?"

"எஸ்."

"ஓகே," என்றார் அக்கா. "தாங்க் யூ."

வைத்தியர் இரண்டு வழி சொன்னார். வேதனை இல்லாமல் முடித்துவிடலாம், அது செலவு குறைவு. அல்லது விரல்களை அகற்றி, மருந்து கட்டி, ஒரு மாதம் வீட்டுக்குள் வைத்துப் பார்க்கலாம். பிழைக்கும் என்று உறுதி இல்லை, பிழைத்தாலும் முட்டை இடுமோ தெரியாது. அவர் சொல்லி முடித்ததும் ஷெரின்தான் தாய்க்குச் சொன்னாள். அக்கா தேர்ந்தது இரண்டாவது வழியை.

திரும்பி வரும் வழியில் ஷெரின் முன் இருக்கையில் இருந்தாள். அக்கா பின்னால், கூடையை மடியில் வைத்துக்கொண்டு.

6

வீட்டுக்கு வந்து கைநூலை எடுத்து, துவாரங்களைப் பற்றிய ஒன்பதாம் பக்கத்தை நின்றபடியே வாசித்தேன். கூட்டின் படம் போட்டு, கூரைக்குக் கீழே அம்புக்குறி வைத்துக் காட்டியிருந்தார்கள். படத்தைப் பார்த்திருந்தாலே போதும், வாசிக்கக்கூடத் தேவையில்லை. பக்கத்தைப் புரட்டி அக்காவிடம் கொடுத்திருந்தால் அவரே பார்த்திருப்பார். அவர் கடற்கரையில் வளர்ந்தவர். படமும் காற்றும் அவருக்கு விளங்காததா?

பின்வளவுக்குப் போனபோது ஷெரின் ஏற்கெனவே கதிரை வைத்து ஏறி, சுத்தியலின் பின்பக்கத்தால் நான் அடித்த ஆணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஈரச் சீவலை நான் அள்ளினேன். முடிந்ததும், "சொறி ஷெரின்," என்றேன்.

"டோன்ட் டெல் மீ," என்றாள். "அம்மாக்குச் சொல்லுங்கோ."

சொன்னேன். அடுப்படியில், அக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது. வாசிக்காமல் வாசித்தேன் என்று சொன்னதையும், வைத்தியர் சொன்னதை மாற்றிச் சொன்னதையும், இரண்டையும் சொன்னேன். அவர் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டார்.

"முகாமிலயும் இப்பிடித்தானோ வாசிச்சனி?"

அவர் மறுபடி வெங்காயத்தை எடுத்தார். "சரி, போய்ச் சாப்பிடு."

அவர் ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். இரண்டு நாள் கழித்து அத்தான் வந்து, "உவன் படிச்சவன், புத்தகத்தைப் பாத்துச் சொல்லேல்லையோ?" என்று கேட்டது கீழே எனக்குக் கேட்டது. அக்கா சொன்னார்: "நான் அவனிட்டக் கேக்கேல்லை. அவனுக்கு வேலை கூட."

நகெட் உயிரோடுதான் இருக்கிறது. சலவை அறையில் ஒரு மாதம் இருந்து, இப்போது இரண்டு விரல் குறைந்த காலோடு கெந்திக் கெந்தித் திரிகிறது. முட்டை இடுவதில்லை. அக்கா வழக்கம்போல எனக்குச் சோறு போடுகிறார், மழைக்கோட்டு வாங்கித் தருகிறார், என் கலியாணப் பேச்சைத் தேவாலயத்தில் ஆரம்பித்திருக்கிறார். ஒன்று மட்டும் மாறியது. அது மாறியதை மிருக வைத்தியரின் பில் தபாலில் வந்த அன்று கண்டேன்.

வார நடுவில் ஒரு மாலை. அத்தான், ஷெரின், நான் மூன்று பேரும் மேசையில் இருந்தோம். அக்கா தபாலோடு வந்தார். பழக்கத்தில் நான் கையை நீட்டினேன். அக்கா என் கதிரையைக் கடந்து போய், கடிதத்தை ஷெரினின் முன்னால் வைத்தார்.

"வாசி பிள்ளை. முழுக்க வாசி."

"அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ பில்."

"பரவாயில்லை. எல்லாத்தையும் வாசி."

நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர்க் கோப்பையை எடுத்தேன். ஷெரின் வாசித்தாள். நோயாளி நகெட் குரூஸ். பரிசோதனை. விரல் அகற்றல். விறைப்பு ஊசி. வலி மருந்து. கட்டு மாற்றல், மூன்று தடவை. ஒவ்வொரு வரியையும் ஆங்கிலத்தில் வாசித்து, பிறகு தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். தெரியாத சொல் வந்த இடத்தில் நிறுத்தி, "இது எனக்குத் தெரியாது அம்மா," என்றாள். அக்கா, "சரி, அடுத்ததைச் சொல்லு," என்றார். நான் சொல்லித் தரவில்லை. என்னைக் கேட்கவும் இல்லை.

"பின்பக்கத்தில?"

ஷெரின் திருப்பிப் பார்த்தாள். "ஒண்டும் இல்லை."

"வடிவாப் பார்."

"பாத்தன் அம்மா. எம்ட்டி."

"அப்ப மொத்தம் எவ்வளவு?"

ஷெரின் கடைசி வரியில் விரலை வைத்தாள். விற்பனை வரியோடு சேர்த்து, அறுநூற்று முப்பத்தெட்டு டொலர் நாற்பத்தைந்து சதம்.